நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து ராணி

மூன்றாவது நாளும் அவள் வாயைத் திறக்காமல் தட்டு வைத்தபோது, கணவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எது நின்றுபோனாலும் முதலில் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்ப்பது வழக்கம்.

"ஆ காட்டு. தொண்டை கட்டிக்கிச்சா?"

இல்லை என்று தலையாட்டினாள். மேசைக்கு அந்தப் பக்கம் குட்டி, புத்தகத்திலிருந்து கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள். குட்டி என்பது அவன் மகளுக்கு அவன் வைத்த செல்லப்பெயர். பதினைந்து வயதாகி, அப்பாவைவிட இரண்டு விரல்கடை வளர்ந்த பிறகும் பெயர் மட்டும் வளரவில்லை.

தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தால் வந்தது.

அவள் அந்த வீட்டுக்கு இரண்டாம் மனைவியாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குட்டி சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. அப்படிச் செய்திருந்தாலாவது சமாதானம் செய்ய ஒரு வழி இருந்திருக்கும். கூப்பிட ஒரு வார்த்தை அமையாததால் கூப்பிடாமலே இருந்தாள், அவ்வளவுதான். சித்தி என்றும் இல்லை, ஆன்ட்டி என்றும் இல்லை. "அப்பா, பாத்ரூம் லைட் எரியலன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்பாள், அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போது. கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள் அவள். யாருக்கு எது மங்கலாகத் தெரிகிறது என்பதை இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவாள். இந்தப் பெண்ணின் கண்ணுக்குத் தான் தெரிகிறோமா என்பதுதான் பிடிபடவில்லை.

ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "என்ன படிக்கிற?" என்று கேட்டுவைத்தாள். மறுநாள் காலை அவளுடைய கைப்பைக்குப் பக்கத்தில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில், எங்கேயும் இல்லாத நாட்டுக்கு வரைபடம்.

"முதல் எண்பது பக்கம் மொக்கை. பொறுத்துக்கோங்க. அப்புறம் டிராகன் வரும்," என்றாள் குட்டி. எட்டு மாதத்தில் அவளிடம் நேராகப் பேசிய மிக நீளமான பேச்சு அது.

கண்ணாடிக்கான பவர் எழுதிய சீட்டுகளைத் தவிர வேறெதையும் படித்துப் பழகாதவள், மதிய இடைவேளைகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மேல்மூலை மடிந்திருந்தது. வேறு நாட்டிலிருந்து வந்த புது ராணி ஓயாமல் பேசுகிறாள். அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் அரண்மனைப் பறவைகள் ஒவ்வொன்றாகப் பறந்துபோகின்றன. முழுப் புத்தகத்திலும் மடிந்திருந்த மூலை அது ஒன்றுதான். குட்டி தனக்கென்றே மடித்ததாகத் தோன்றி அவளுக்குக் காது சுட்டது. தனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பெற்ற அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

அதனால்தான் இந்த மூன்று நாள் மௌனம். நான்காம் நாள் பாதியளவில் பேசத் தொடங்கினாள். முழுப் பட்டினி உடம்புக்கு ஒத்துவரவில்லை.

அடுத்த புத்தகம் வந்தது. "இதுல டிராகன் இல்ல. சாதாரண ஸ்கூல், சாதாரணப் பிள்ளைங்க. ஆனா அழுவீங்க." இதிலும் ஒரே ஒரு மடிப்பு. அம்மாவை இழந்த பெண் ஒருத்தி பள்ளியிலிருந்து திரும்புகிறாள். ஜன்னலில் யாரோ திரையை மாற்றிவிட்டார்கள். தன் வீடுதானா என்று தெரியாமல் தெருவிலேயே நிற்கிறாள்.

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். வந்த முதல் வாரத்திலேயே கூடத்து ஜன்னலில் குட்டியின் அம்மா காலத்திலிருந்து தொங்கிய பழுப்புத் திரையை, இஸ்திரி சுட்ட கறை இருக்கிறதே என்று கழற்றிப் பரண்மேல் போட்டிருந்தாள். அன்று மாலையே ஏணி வைத்து இறக்கி, மறுபடி ஜன்னலில் மாட்டினாள்.

"புதுசுக்கு என்ன ஆச்சு?" என்றான் கணவன்.

"வெளுத்துப்போச்சு."

"வெயிலே வராத ஜன்னல்லயா?"

குட்டி வந்து திரையைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் அன்று சத்தமில்லாமல் சாத்தினாள்.

மூன்றாவது புத்தகத்தின் மடிப்பில் வில்லாளிப் பெண் ஒருத்தி கேரட்டைக் கண்டாலே குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளினாள்; வீட்டில் கேரட் நின்றது. நான்காவதில் மூன்று முறை தட்டாமல் அறைக்குள் நுழைகிறவர்கள் தவளையானார்கள். அவள் குட்டியின் கதவை எண்ணி மூன்று முறை தட்டினாள். கேலிக்கூத்தாக இருக்கிறதே என்று சில சமயம் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒரே வீட்டுக்குள் ஒருத்தி தனக்கு ரகசியமாகக் கடிதம் போடுகிறாள் என்ற நினைப்பு, லென்ஸ் தேய்க்கும்போதும் அடிவயிற்றில் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதெல்லாம் மேசையில் பேச்சும் வந்தது.

"அந்த இளவரசன் எப்படி?" என்பாள் குட்டி.

"முடியை வெட்டினா தேறுவான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டி குளிர்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணு கேக்கலாமா? கேரட் உங்களை என்ன செஞ்சுது? ஒரு மாசமா வீட்டுல ஒண்ணுகூட இல்ல."

"உனக்குத்தான் பிடிக்காதே."

"யார் சொன்னா? எனக்கு உயிராச்சே!"

அவள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடித்த பக்கத்தைக் காட்டினாள்.

"ஐயோ, இதை நான் மடிக்கல! புக்கை மடிக்கறவங்களை ஜெயில்ல போடணும். இது லைப்ரரி புக்குங்க. எனக்கு முன்னாடி ஒருத்தி எல்லாத்தையும் எடுத்துப் படிச்சுட்டு, தூக்கம் வந்த இடத்துல மடிச்சு வச்சிருக்கா. மடிப்புப் பேய்னு நானே பேர் வச்சிருக்கேன்."

நூலக முத்திரை அவள் கண்ணில் படாமல் இல்லை. அந்த நூலகத்துக்கு வேறு ஆட்களும் போவார்கள் என்பதுதான் புத்தியில் ஏறவில்லை. இரண்டு மாதமாக, முகம் தெரியாத எவளோ ஒருத்தியின் தூக்கத்துக்குக் கீழ்ப்படிந்து குடித்தனம் நடத்தியிருக்கிறாள். கடிதமே வரவில்லை. யாரும் எதுவும் எழுதவில்லை.

குட்டியின் முகத்தில் ஒவ்வொன்றாகக் கணக்குக் கூடியது. "அப்போ கதவை மூணு தடவை தட்டினது... தவளையா?" தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "நீங்க பேசாம இருந்தது, அந்த ராணியா?" கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கணவன் டார்ச் இல்லாமலே ஓடிவந்து பார்த்தான்.

அவளும் சிரித்துவைத்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றது.

குட்டி சட்டென்று அடங்கினாள். "அந்த மூணு நாளும் வீடு என்னமோ மாதிரி இருந்துச்சு," என்றாள். பிறகு, ஜன்னலைப் பார்க்காமல், "திரை மட்டும்... எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு நினைச்சேன். யார்கிட்டயும் சொன்னதே இல்லை."

அதற்குப் பிறகு ஒரு வாரம் மேசைமேல் புத்தகம் எதுவும் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. கேரட் மட்டும் வாங்கிவந்தாள்.

எட்டாம் நாள் காலை கைப்பைக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. டிராகன் தொடரின் கடைசிப் பாகம். முத்திரை இல்லை, முதுகில் எண் இல்லை. குட்டி சொந்தமாக வாங்கிய புத்தகம். அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை.

"நான் முடிச்சுட்டேன்," என்றாள், ஷூ நாடாவைக் கட்டியபடி. "நடுவுல எட்டிப் பாக்கக் கூடாது. அது துரோகம்."

மதியம் கடையில், வேலை மேசை விளக்கடியில் அதை வைத்தாள். பக்கங்களின் வெள்ளை அடுக்கில், முக்கால்வாசித் தொலைவில், மயிரிழை அகலத்துக்கு ஒரு நிழல் தெரிந்தது. லென்ஸில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, பிரிக்காமலே பார்த்தாள். ஒரு மூலை மடிந்திருந்தது. ஒரே மடிப்பாக இல்லை. மடித்து, மனம் பொறுக்காமல் நீவிவிட்டு, மறுபடி மடித்ததுபோல ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கோடுகள்.

"என் கண்ணாடி ரெடியாம்மா?" என்று வெளியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"ரெண்டு நிமிஷம்," என்றாள். வரைபடத்தைத் திருப்பி, முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தாள். இன்னொரு விரல், தானாகவே போய், அந்த நிழலின்மேல் நின்றது.