நுபியாவின் முக்காலி

எங்கள் மலை நகரமான மனிசாலெஸில் யார் வீட்டு ஓவனைத் திறந்தாலும் வாணலிகளும் மூடிகளும்தான் இருக்கும். சமையல் மேலே அடுப்பில் நடக்கும். ஓவன் பாத்திர அலமாரி. பக்கத்து நுபியா வீட்டில் மட்டும் சனிக்கிழமை காலையில் அவையெல்லாம் தரைக்கு இறங்கும் சத்தம் கேட்கும். எங்கள் இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் ஒரே குட்டி முற்றத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. நானாக ஒட்டுக்கேட்பதில்லை.

ஓட்ஸ், துருவிய தேங்காய், நிலக்கடலை, உருக்கிய வெல்லம். கலந்து தட்டில் பரப்பி உள்ளே தள்ளிவிட்டு, ஓவன் முன்னால் முக்காலி போட்டு உட்காருவாள். வாரமெல்லாம் மாமியாரின் மாத்திரை, கணவனின் சட்டை, தையற்கடை வேலை என்று ஓடுபவள், கிரனோலா என்கிற அந்தக் கலவை வறுபடும் நேரம் மட்டும் யாருக்கும் பதில் சொல்லமாட்டாள். ஒரு தடவைகூடக் கருகவிட்டதில்லை. மூக்கை வைத்தே பதம் பார்ப்பாள்.

அவள் கணவன் அர்நுல்ஃபோவுக்கு வாயில் எதுவும் தங்காது. ஒரு ஜாடியைக் கொண்டுபோய்க் காப்பிக்கடை ராமிரோவுக்கு ருசி காட்டியிருக்கிறான். வாரா வாரம் எடுத்துக்கொள்கிறேன், சனிக்கிழமை வந்து பேசி முடிக்கிறேன் என்றாராம் அவர். தெருவுக்கே சொன்னவன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்து நான்தான் வாழ்த்துச் சொன்னேன்.

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"விக்க ஆரம்பிச்சா, அப்புறம் அது எனக்குன்னு இருக்காதுக்கா."

அவனிடமே சொல்லேன் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொன்னவளில்லை. சும்மா சிரித்தாள்.

சனிக்கிழமை ராமிரோ மேட்டுத்தெரு ஏறி மூச்சு வாங்க வந்தார். காலி ஜாடியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நானும் போய் உட்கார்ந்தேன். அர்நுல்ஃபோ காப்பி ஊற்றியபடி ஜாடியில் என்ன படம் ஒட்டலாம் என்று அளந்துகொண்டிருந்தான். முதலில் ஓட்ஸ் மணந்தது, பிறகு தேங்காய், கடைசியில் வெல்லம். வெல்லம் தூக்கலாக வந்ததும் நுபியா எழுந்துவிடுவாள்.

எழவில்லை. கைகளை மடியில் கோத்து, ஓவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணத்தில் லேசாகக் கசப்பு ஏறியது.

"ஆயிடுச்சா?" என்றான் அர்நுல்ஃபோ.

"இன்னும் கொஞ்சம்."

தெரிந்தேதான் செய்கிறாள். பிறந்ததிலிருந்து வாயை மூடாத நான் அன்று மூடிக்கொண்டேன்.

தட்டு வெளியே வந்தபோது ஓரமெல்லாம் கருப்பு. அர்நுல்ஃபோவின் முகம் அதைவிடக் கருத்தது. ராமிரோ ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"இதுதாம்மா வேணும். போன தடவை வந்தது வெறும் இனிப்பு. காப்பிக்கு இந்தக் கசப்புதான் சேரும்."

"நான்தான் சொன்னேனே," என்று அர்நுல்ஃபோ நிமிர்ந்தான்.

நுபியா பிடிதுணியை மடித்தாள். திரும்பவும் பிரித்து மடித்தாள். கருகலின் பின்னால்கூட இனி அவளால் ஒளிந்துகொள்ள முடியாது.

"விக்கலைங்க."

"சும்மா விளையாடுறா, ராமிரோ ஐயா."

"விளையாடலை. வேணும்னுதான் கருக விட்டேன். நல்லா வந்தாலும் தரமாட்டேன், கெட்டு வந்தாலும் தரமாட்டேன். இது நான் உக்காந்திருக்கிறதுக்காகச் செய்யறது."

ராமிரோ மரியாதையாகக் கோப்பையை வைத்தார். கிளம்பும்போது ஒரு பிடி அள்ளிக்கொண்டார். நுபியா கருகலை நான் கொண்டுவந்த ஜாடியில் கொட்டி என் கையிலேயே திணித்தாள்.

அந்த வாரம் அந்த வீட்டில் பேச்சே இல்லை. சுவர் மெல்லிசு, உறுதியாகச் சொல்வேன்.

அடுத்த சனிக்கிழமை ஜன்னலோரம் நின்றேன். பாத்திரச் சத்தம் வரவில்லை. என் காப்பி ஆறிப்போனது. அவ்வளவுதான், முடிந்தது என்று திரும்பும்போது ஒரு மூடி தரையெல்லாம் உருண்டது.

"பெரிய வாணலியை அங்க வைக்காதீங்க, கால் இடறும்."

"பின்ன எங்கதான் வைக்கிறது?" என்றது அர்நுல்ஃபோவின் குரல், ஓவனுக்குள்ளிருந்து.

பிறகு முக்காலி இழுபட்டது. வெல்லம் மணந்ததும், சரியான சமயத்தில் ஓவன் கதவு திறந்தது.

ஜாடியிலிருந்த கருகலைக் காப்பியோடு தின்று தீர்த்துவிட்டேன். ராமிரோ சொன்னதில் தப்பில்லை. நுபியாவிடம் சொல்லிவைக்காதீர்கள்.