பச்சை ஊற்றிய அக்கா, சிவப்பு ஊற்றிய தங்கை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் பேசினில் பிறந்தது. ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில், அதில் பழுப்பாக எதுவோ கொழகொழவென்று கிடந்தது.

"கஞ்சியா?" என்றேன்.

"கூலண்ட். எஞ்சின் சூட்டைத் தணிக்கிறது. ஒரே வண்டியில ரெண்டு பேரு ரெண்டு வகையை ஊத்தியிருக்காங்க, கலந்து இப்படி ஆயிடுச்சு" என்றார் மெக்கானிக்.

பஞ்சர் மறந்துபோயிற்று. யார் அந்த இரண்டு பேர்?

2

முதல் தொடக்கம்: 'இயந்திரம் கொதிக்கும்போது மனித மனமும்…' (வேண்டாம். எனக்கே தாங்கவில்லை.)

அடுத்தது: ஒரு கணவன், ஒரு மனைவி. (பாவம், எல்லாக் கதைகளிலும் சண்டை போட்டுக் களைத்திருப்பார்கள்.)

ஆகவே அக்காவும் தங்கையும். அக்கா கணக்கு டீச்சர், தங்கை பிசியோதெரபிஸ்ட். ஒரே வீட்டில் கீழும் மேலும். இருவருக்கும் பொதுவாக ஒரு பழைய கார். "இவளுக்கு வண்டியும் ஓட்டத் தெரியாது, வாயும் அடங்காது" என்று சொந்தக்காரர்கள் முன்னால் அக்கா சொன்னதிலிருந்து பேச்சு நின்றது. கார் சாவி மாடிப்படி ஆணியில் தொங்கும். தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார்.

கூலண்ட் குறைந்தால் அக்கா பச்சை ஊற்றுவாள். வண்டியோடு வந்த கையேடு அப்படிச் சொன்னது. தங்கை சிவப்பு ஊற்றுவாள். (ஏன் குறைந்தது? எங்கோ கசிவு. கதைக்கு இது போதும், வண்டிக்குப் போதாது.)

3

ஒருநாள் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி, அக்காவுக்கு முட்டி வீங்கிவிட்டது. தங்கைக்குத் தகவல் சொன்னது தலைமையாசிரியர். தங்கை வந்தாள், அக்காவைப் பின்சீட்டில் ஏற்றினாள், ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. இருவரும் பார்த்தார்கள். முதலில் வாய் திறப்பது யார் என்பதுதான் பிரச்சினை. முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து புகை வந்தது.

"புகை வருது" என்றாள் அக்கா.

"தெரியுது."

(சமாதானக் காட்சிக்கு நான் எழுதி வைத்திருந்த வசனங்கள் இதைவிட அழகானவை. அவர்கள் கேட்கவில்லை.)

4

இழுவை வண்டி காரை ஒர்க் ஷாப்புக்கு இழுத்துப் போனது. மெக்கானிக் கஞ்சியை இறக்க, தங்கை அக்காவைப் பழைய டயர்மேல் உட்காரவைத்து முட்டியை அமுக்கிப் பார்த்தாள்.

"மடக்கு. வலிக்குதா? சுளுக்குதான். எலும்புக்கு ஒண்ணும் இல்ல."

"பழைய ரேடியேட்டருக்குப் பச்சைதாங்க சரி" என்றார் மெக்கானிக்.

அக்காவின் முகத்தில் நூற்றுக்கு நூறு.

"அது பழசு இல்ல" என்றாள் தங்கை. "போன வருஷம் நான் மாத்திட்டேன். புது அலுமினியம். அதுக்குச் சிவப்புதான்."

"என்கிட்ட சொல்லவே இல்லையேடி?"

"எப்படிச் சொல்றது? ஆணிகிட்டயா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "எஞ்சின் பழசு, ரேடியேட்டர் புதுசு. ரெண்டுக்கும் ஒத்துக்கிற மாதிரி ஒரே வகையா வாங்கிட்டு வாங்க. நான் உள்ளே கழுவி வைக்கிறேன். கலரை நம்பாதீங்க. பாட்டில் பின்னாடி படிங்க."

5

இப்போது இருவரும் பக்கத்துக் கடையில் இருக்கிறார்கள். அக்கா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பச்சையை எடுத்தால் அக்கா ஜெயிப்பாள். சிவப்பென்றால் தங்கை. மஞ்சளாக ஒன்றும் இருக்கிறது. அதன் பின்பக்க எழுத்தோ எறும்பைவிடப் பொடிசு.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நீ படி" என்றாள் அக்கா.

"'பழைய வாகனங்களுக்கும்…'னு இருக்கு, அடுத்த வரி அழிஞ்சிருக்கு."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படி…"

"இதை முதல்ல முடிப்போம். அந்தப் பாட்டிலைத் திருப்பு."

நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே. அதனால் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. அந்த வேலை உங்களுடையது. ஆனால் அவசரப்படாதீர்கள். அலமாரியில் இன்னும் நிறையப் பாட்டில்கள் இருக்கின்றன.