சீயக்காய்ப் பதில்மனு

திரைக்குப் பின்னால் அத்தாவின் உடல்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஷாயிஸ்தா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகையை முந்திக்கொண்டு எரிச்சல் வந்தது.

பம்மலில் இருந்துகொண்டு டிரேட்மார்க் வழக்குகள் மட்டுமே நடத்திய அத்தா, வக்கீல் ஜாபர், எந்த மனுவையும் கடைசி நாளில்தான் கொடுப்பார். "முன்னாடியே போட்டா எதிராளிக்கு யோசிக்க நேரம் கிடைச்சிடும்மா" என்பார். கூடவே வக்கீலாக இருக்கும் மகள் இதற்காக எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். கேட்டால்தானே! இன்று அப்படி ஒரு கடைசி நாள். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

அனகாபுத்தூர் ஞானசௌந்தரி தன் சீயக்காய்த் தூளின் பெயரைப் பதிவு செய்யக் கூடாதென்று ஒரு பெரிய கம்பெனி எதிர்த்திருந்தது. பதில்மனு இன்று கிண்டி டிரேட்மார்க் அலுவலகத்துக்குப் போகாவிட்டால் அவள் விண்ணப்பத்தையே கைவிட்டதாக ஆகிவிடும்.

ஞானசௌந்தரியைக் கையெழுத்துப் போட வரச் சொன்னதே அத்தாதான். வந்த இடத்தில் பந்தலைப் பார்த்துவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷாயிஸ்தாவுக்கு அதுதான் தாங்கவில்லை. அவளை உள்ளறைக்கு இழுத்துப் போனாள்.

"அத்தா பேர்ல இருக்கற வக்காலத்து இனிமே செல்லாதுக்கா. நீங்களே கையெழுத்துப் போடுங்க. நான் கொண்டுபோறேன்."

"இன்னாம்மா சொல்ற? சாரு இன்னும் வூட்ட வுட்டே போவல. பேருதான, வேற வச்சிக்கலாம் வுடு."

"கடையில எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லித்தானே கேக்கறாங்க?"

ஞானசௌந்தரி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் அண்ணன் சாஜித் மறித்தான்.

"எங்க கிளம்பிட்ட? குளிப்பாட்டினதும் முகம் காட்டுவாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு எடுத்துடுவோம்."

"கொஞ்சம் லேட்டா எடுக்கலாமாண்ணே?"

"மையத்தைக் காக்க வைக்கக் கூடாது. தெரியாதா உனக்கு?"

சுவரோரம் இருந்த அம்மா தலையைத் தூக்கினாள். "விடுடா அவளை. அவ போகலன்னா உங்க அத்தா எந்திரிச்சுப் போயிடுவாரு."

யாரோ சிரித்துவிட்டார்கள். உடனே எல்லோருமே அழுதார்கள்.

பல்லாவரத்தில் ஏறிய மின்வண்டியில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி வேண்டுமென்றே நிற்பதாகப் பட்டது. கிண்டியில் இறங்கி ஓடினாள்.

கவுன்ட்டரை மூட எழுந்த கஸ்தூரிரங்கன் இவளைப் பார்த்துத் திரும்ப உட்கார்ந்தார். பக்கங்களைப் புரட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

"கடைசி நாள்னா சாரே வருவாரேம்மா?"

"இன்னைக்கு நான் வந்தேன் சார்."

"நீயும் அவர மாதிரியே ஆயிட்ட. அடுத்த தடவையாவது சீக்கிரம் வரச் சொல்லு அவர."

"சொல்றேன் சார்."

நகலைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். கைக்கடிகாரத்தில் அஸர் நேரம் தாண்டியிருந்தது. தாம்பரம் வண்டி வந்து நின்றது. ஏறாமல் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்த வண்டியும் வந்து போயிற்று.