பின்னறைச் சுவரின் கூலி

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: வீட்டை வாங்கிய தம்பி, அவன் மனைவி, கொத்தனார், வங்கி அனுப்பிய இன்ஜினியர், தம்பியோடு சேர்ந்து கடனுக்குக் கையெழுத்துப் போட்ட அண்ணன். வேறு யாரும் உள்ளே வந்ததை எவரும் பார்க்கவில்லை.

பழைய வீடு. வாங்குவதற்கும் பழுது பார்ப்பதற்கும் சேர்த்து ஒரே கடன். விலைப் பணத்தை வங்கி கொடுத்துவிட்டது. பழுதுப் பணம்தான் கட்டம் கட்டமாக வரும். ஒரு கட்டம் முடிந்ததும் இன்ஜினியர் வந்து பார்ப்பார். ‘எங்கள் கூலியாள் செய்த வேலை’ என்று அண்ணன் கையெழுத்திட வேண்டும். பின்னறைப் பூச்சுதான் முதல் கட்டம். அதற்குக் கெடு அன்றுதான். தவறினால் மிச்சப் பணம் வராது. வாடகை வீட்டையும் தம்பி காலி செய்தாகிவிட்டது.

கொத்தனார் பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்திப் போட்ட அன்றே மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் வேலை நடக்கவில்லை. இன்ஜினியரிடம் இன்னும் சில நாள் தவணை கேட்பது என்று பேச்சு. யாரிடமும் பல்லிளித்து நிற்காத அண்ணனுக்கு அது நெருப்பை விழுங்குவது போல. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. அன்று காலை அவரே பூட்டைத் திறந்தார்.

பின்னறைச் சுவர் முழுக்கப் பூசியிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை.

“முடிச்சு வச்சுக்கிட்டா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்க?” இன்ஜினியர் சிரித்தார்.

கொத்தனார் சிரிக்கவில்லை. “நான் கை வைக்கல ஐயா. கரண்டி போன தடத்தைப் பாருங்க, இடக்கைக்காரன் பூச்சு. கீழே ஒரு பொட்டு மணல் சிந்தல.”

அப்போது பக்கத்துச் சிற்றறையிலிருந்து சத்தம் வந்தது. சரக், சரக். சாந்தை இழுத்துத் தேய்க்கும் சத்தம்.

“எலியா இருக்கும்,” என்றான் தம்பி.

“எலி பூச்சு வேலை பார்க்குதா? அப்ப உங்களுக்குப் பதிலா அதையே கட்டியிருக்கலாம்,” என்றாள் அவன் மனைவி. சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிற்றறையில் ஆள் இல்லை. ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. சுவரில் இடுப்புயரம் வரை ஈரப் பூச்சு. அவர்கள் பார்க்கப் பார்க்க அது ஒரு கரண்டி அகலம் மேலே ஏறியது.

இன்ஜினியர் வாசல் பக்கம் நகர்ந்தார். “சார், எனக்கு வேலை முடிஞ்சிருந்தா சரி. கையெழுத்தைப் போடுங்க, நான் கிளம்பறேன்.”

“அண்ணே, யார் பூசினா நமக்கென்ன? போடுங்க.”

“எங்க கூலியாள்னு எழுதியிருக்குடா. கூலி கொடுத்தியா?”

“யாருக்குக் கொடுக்கறது?”

“அப்ப அது பொய்க் கையெழுத்து. எம் பேருக்கு முன்னால அப்பா பேரு நிக்குது. அவரையும் சேர்த்துப் பொய் சொல்ல வைக்கச் சொல்றியா?” கொத்தனார் பக்கம் திரும்பினார். “அதைக் கொத்திட்டு இப்பவே நீ பூசு.”

கொத்தனார் உளியைத் தரையில் வைத்துவிட்டார். “மன்னிச்சுக்கங்க ஐயா. கூலி வாங்காதவன் சுவத்துல உளி வைக்க மாட்டேன். எங்க தொழில்ல அது ஆகாது.”

உள்ளே சத்தம் நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது.

அண்ணன் ஈரப் பூச்சை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “இந்த மாதிரிப் பூச்சுக்கு என்ன கூலி?” என்று கேட்டார். கொத்தனார் சொன்னார். தன் பையிலிருந்தே நோட்டுகளை எடுத்துச் சிற்றறை ஜன்னல் திட்டில் வைத்தார் அண்ணன்.

“வாங்கிக்கப்பா. எங்க குடும்பத்துக்கு உழைச்சவன் வெறுங்கையோட போனதில்லை. கேட்காமச் செஞ்சது உன் தப்பு. கொடுக்காம விட்டா அது என் தப்பு.”

கதவைச் சாத்தி அதன்மேல் முதுகை நிமிர்த்திச் சாய்ந்து நின்றார். உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது பணம் இல்லை. ஜன்னல் தாழ் போட்டபடி இருந்தது. திட்டுக்குக் கீழே, ஈரப் பூச்சில், ஓர் இடது உள்ளங்கை அழுந்தியிருந்தது. விரல் பள்ளங்களில் இன்னும் நீர் கசிந்துகொண்டிருந்தது.

“வாங்கிட்டாரு,” என்றார் கொத்தனார், மெதுவாக.

இன்ஜினியர் வாசல் பக்கம் நின்றபடியே கோப்பை நீட்டினார். அண்ணன் அதை வாங்கி, அப்பா பெயரின் முதல் எழுத்திலிருந்து கோணாமல் கையெழுத்திட்டார்.

பேயை ஏவி ஓசியில் வீட்டைப் புதுப்பித்து, வங்கிப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்ட குடும்பம் என்று தெருவில் இன்றும் பேசுகிறார்கள். பொய். எல்லா அறைக்கும் அதே ஜன்னல் திட்டில் கூலி கொடுக்கப்பட்டது.