வலது பக்கத்து கிட்டார்

டப்பென்று வலது பக்க ஸ்பீக்கர் வெடித்தது. நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டியிலிருந்து லேசாகக் கருகல் வாசனை வந்தது. அதோடு அதன் மூச்சு நின்றுவிட்டது. இடது பக்கத்துப் பெட்டி மட்டும் ஒண்டியாகக் கத்திக்கொண்டிருந்தது.

கணவனைப் பார்த்தாள். இடது பெட்டியை ஒட்டி ஸ்டூலைப் போட்டு, கண்ணை மூடி, தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவளுக்கு இந்த அறைதான் ஜெயில். ஜன்னலை மறைத்துப் பழைய மெத்தை. கதவிடுக்கில் ரப்பர் பட்டை. மின்விசிறி போடக் கூடாது, பாட்டோடு கலந்துவிடுமாம். வாரம் முழுக்கப் பல் மருத்துவரிடம் உதவியாளராக நின்று, டிரில் சத்தத்தில் மண்டை காய்ந்து வருகிறவளுக்கு இதுதான் ஓய்வு.

அவன் மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி கலக்கிறவன். தொழிலில் அவன் பெயரே 'காது'. இப்போது வாய்த்திருப்பது பெரிய இடம்: ரசிகர்கள் 'தொண்டை' என்று கொண்டாடும் ராக் பாடகர்.

"காதும் தொண்டையும் சேர்ந்தாச்சு. இனி மூக்குக்கு ஒரு ஆளைப் பிடிச்சா ஆஸ்பத்திரியே திறந்துடலாம்" என்று அன்றைக்கு அவள் சிரித்தாள். சிரிப்பு அதோடு சரி.

மேடையிலும் ஆல்பம் மாதிரியே கேட்க வேண்டும் என்பது தொண்டையின் நிபந்தனை. உடனே அவருடைய சூப்பர்ஹிட் பாட்டுகளையெல்லாம் தரம் குறையாத 'லாஸ்லெஸ்' பதிவாக வாங்கி வந்தான்.

"எம்பி3 பிழிஞ்சு வடிகட்டின ஜூஸ். இது முழுப் பழம். ஒரு துளி போகாது. கேட்டுச் சொல்லு."

முதல் வாரம் அவள் உண்மையைச் சொன்னாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு." அவன் விடவில்லை. சோறு ஆறி அவலாகும்வரை அதே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டான். அதற்குப் பிறகு அவள் கெட்டிக்காரி ஆனாள். ஏதாவது ஒன்றைத் துணிந்து அடித்துவிட்டால் கதவு திறந்துவிடும். "வலது பக்க கிட்டார் கொஞ்சம் அமுங்குதுங்க, தூக்கலாம்" என்பது அவளுடைய ராசியான சாவி. ஒரு நாளும் பொய்த்ததில்லை.

ஆனால் முந்தாநாள் ஒத்திகையில் தொண்டை பாதிப் பாட்டில் மைக்கை வைத்துவிட்டாராம். வலது பக்கம் சந்தைக்கடை மாதிரி இரைகிறது என்றாராம். இன்று சாயங்காலம் கடைசி ஒத்திகை. அதுவும் சொதப்பினால் வேறு ஆள்.

"ம், சொல்லு" என்றான், கண்ணைத் திறக்காமல். "வலது பக்கம் கிட்டார் எப்படி இருக்கு?"

செத்த பெட்டியைப் பார்த்தாள். தெரிந்துகொண்டேதான் கேட்கிறான். இத்தனை வாரப் புளுகையும் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறான். உண்மையைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வாள், சொல்லாவிட்டாலும் மாட்டிக்கொள்வாள். பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"கொஞ்சம் அமுங்குதுங்க. தூக்கலாம்."

"இன்னுமா? சரி, தூக்கிடறேன்."

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. இவன் நிஜமாகவே போய்த் தூக்கிவிடுவான். தொண்டை எல்லார் முன்னாலும் இவனைத் துரத்திவிடுவார்.

எழுந்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. பின்னால் போய், அவன் வலது காதோரம் குனிந்தாள்.

"என்னை மன்னிச்சுடுங்க. அந்தப் பெட்டி வெடிச்சுப் போச்சு. இவ்வளவு நாளா நான் சொன்னது எல்லாமே பொய்."

திட்டுக்காகக் காத்திருந்தாள். அவன் தலை தாளம் தவறாமல் ஆடிக்கொண்டிருந்தது.

கழுத்தில் அவள் மூச்சு பட்டிருக்க வேண்டும். சட்டென்று திரும்பினான். அவள் வாயைப் பார்த்தான். கை தானாகப் போய் அந்தக் காதைப் பொத்திக்கொண்டது. பாட்டை நிறுத்தினான்.

"ஏதாவது சொன்னியா? இந்தப் பக்கம் வந்து சொல்லும்மா. அந்தக் காது போய் ரொம்ப நாளாச்சு, உன் காதை நம்பித்தான் இந்த வேலையையே ஒத்துக்கிட்டேன்."