காலால் ஊதும் இயந்திரம்

அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்று பதினேழு நாள் ஆகியிருந்தது. ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே அடுப்பில் சமைத்து, கீழே ஒரே கண்ணாடிப் பட்டறையை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அக்காவின் வீட்டுக்காரர்தான் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மாடிப்படி விளக்குக்குப் பூசணிக்காய் அளவில் கண்ணாடி உருண்டைகள் கேட்டிருந்தார் ஒருவர். அந்த அளவுக்கு ஊத இரண்டு பேர் வேண்டும். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து நீளமான இரும்புக் குழாயை உருட்டியபடியே, அதன் நுனியில் தேன் பதத்தில் தொங்கும் கண்ணாடியை நனைந்த செய்தித்தாளால் தடவி வடிவத்துக்குக் கொண்டுவருவாள். தங்கை மறுமுனையில் வாய் வைத்து ஊதுவாள். பர்னர் இரைச்சலில் பேசினால் காதில் விழாது என்பதால் எல்லாம் தரையின் அதிர்வில் பேசும் கால் பாஷைதான். அக்கா குதிகாலால் மரத்தரையில் ஒரு தட்டுத் தட்டினால் ஊது, இரண்டு தட்டினால் நிறுத்து. தட்டு பலமாக விழுந்தால் பலமாக ஊது. பத்து வருஷமாக இந்த ஏற்பாடு பிசகியதில்லை.

சண்டை வந்த அன்றைக்குப் பெஞ்சின்மேல் போன் அதிர்ந்துகொண்டிருந்த நேரம் பார்த்துத் தங்கை மொத்த மூச்சையும் உள்ளே விட்டுவிட்டாள். உருண்டை வெங்காயச் சருகாய் மெலிந்து படாரென்று போயிற்று.

"ஊதக்கூட லாயக்கில்லையாடி நீ?" என்றாள் அக்கா.

"அப்ப நீயே ஊதிக்கோ" என்று மாடிக்குப் போனவள்தான் தங்கை. போனதோடு நிற்காமல் பாட்டில் தொழிற்சாலை ஒன்றில் வேலையும் தேடிக்கொண்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

தங்கை இல்லாத பட்டறையை அக்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதற்கு முன்னால் 'மன்னிச்சுக்கோ' என்று இன்னொரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்குமே! தப்பே செய்யாதவள் எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆகவே அந்த ஒரு வார்த்தையை மிச்சம் பிடிப்பதற்காக ஓர் இயந்திரமே செய்யத் துணிந்தாள்.

வீட்டுக்காரரின் காற்று மெத்தையோடு வந்த மஞ்சள் கால் பம்பைக் கேட்காமலே எடுத்தாள். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இழுத்து இரும்புக் குழாயின் முனையில் மாட்டினாள். நாலு உருட்டு உருட்டுவதற்குள் ரப்பர் முறுக்கிக்கொண்டு சடைப்பின்னலாகிவிட்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் சுழலும் தலையைக் கழற்றி வந்து இரண்டுக்கும் நடுவில் பொருத்தினாள். இப்போது இரும்பு சுற்றியது, ரப்பர் சமர்த்தாகக் கிடந்தது. பம்ப் ஒரே மிதியில் மெத்தைக்கு வேண்டிய காற்றைத் தள்ளியது. முழுசாக அமுங்காதபடி அடியில் ஒரு பழைய செருப்பைச் செருகினாள்.

"உன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த பேசுறது இதவிடச் சுலபம் இல்லையா?" என்றார் வீட்டுக்காரர்.

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருக்கீங்களா?"

"எங்க மூடுறது? இனிமே மெத்தைக்கு வாயாலதான ஊதணும்."

சனிக்கிழமை காலை இயந்திரம் வேலைக்கு வந்தது. முதல் உருண்டை அம்சமாக எழுந்தது. மெல்ல மிதித்தால் மெல்ல, அழுத்தி மிதித்தால் அழுத்தமாக, எள் என்றால் எண்ணெயாக நின்றது மஞ்சள் பம்ப். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊத ஆள் எதற்கு இனிமேல்!

இரண்டாவது உருண்டை முக்கால்வாசி வளர்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. விளக்குக்காரர்தான். ஒரு நாளைக்கு ஐந்து தடவை அழைப்பார்.

"சனியனே, இப்பத்தானா!" என்றாள். சொல்லும்போதே கால் பொத்தென்று இறங்கியது. செருப்பு எகிறிப் போயிற்று, உருண்டை சருகாய் வெடித்துப் பறந்தது.

பம்பைத் திட்டுவதற்காகக் குனிந்தாள். பாவம், அது அவள் காலுக்கடியில் நசுங்கிக் கிடந்தது. திட்ட வாய் வரவில்லை. எரிச்சல் வந்தால் காலை உதைப்பது அவளுக்குப் பிறவிக் குணம். உதைத்ததுகூடத் தெரியாது. பதினேழு நாளுக்கு முன்னும் இதே போன்தான் அதிர்ந்தது. இதே கால்தான் தரையில் இறங்கியிருக்கும், பலமாக ஒரே ஒரு தட்டாக. அந்தத் தட்டுக்குத்தான் தங்கை பலமாக ஊதியிருக்கிறாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. பர்னரை அணைத்துவிட்டு இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறினாள். தங்கை கட்டிலில் உட்கார்ந்து தொழிற்சாலையில் கொடுத்த கனமான ஷூவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான்தான் கால உதைச்சேன்," என்றாள் அக்கா, மூச்சிரைக்க.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"சொன்னா கேக்குற ஆளா நீ? நீயா கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன். அதுக்கு நீ மெஷினே செய்வேன்னு சத்தியமா நினைக்கல."

அக்கா அவள் காலருகே தரையில் உட்கார்ந்தாள். "தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோடி. போகாத."

தங்கை குனிந்து ஒரு ஷூவை மட்டும் கழற்றினாள். இன்னொரு காலை நீட்டி வைத்துக்கொண்டு, "கேக்க நல்லாருக்கு. இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

அக்கா சொன்னாள். இரண்டாவது ஷூவும் கழன்றது.

மூன்றாவது தடவை, யாரும் கேட்காமலேயே சொன்னாள்.