பீரோவின் இடது கதவு

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, ஈஜிபுராவின் அந்த முதல் மாடி வீட்டில் இருந்தவர்கள்: ஹெலன் ஆன்ட்டி, பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடக்கும் அவர் கணவர் பால்ராஜ் அங்கிள், சர்ச்சுக்குக் கட்டிப்போன புடவையை இன்னும் மாற்றாத மகள் பிரிஸில்லா, நான். டிவிக்கு மேலே பலகையில் ஒரு கேமரா. அதன் வழியாக தோஹாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மகன் கிளெமென்ட். அவன் என்னோடு படித்தவன்.

அந்தக் கேமராவைப் பிடுங்க வைக்கத்தான் வந்திருந்தேன். அதில் நான் பார்த்ததைச் சொல்லாமல் பிடுங்க வைக்க வேண்டும். அதுதான் சிக்கல்.

ரிங் ரோட்டில் ஒரு கம்பெனியில் பதினான்கு மாதம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். வீட்டுக் கேமராக்கள் எடுத்த துண்டு வீடியோக்கள் வரும். எது ஆள், எது நாற்காலி, எது நாய் என்று கேமரா கற்றுக்கொள்வதற்காக நாங்கள் ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி வரைய வேண்டும். ஆள் என்ன செய்கிறார் என்பதையும் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தூங்குதல், துடைத்தல், ஊட்டுதல், அடித்தல், இப்படி அறுபது இருக்கும். முகங்களை மங்கலாக்கித்தான் அனுப்புவார்கள். எந்த ஊர், யார் வீடு, எதுவும் தெரியாது.

பிப்ரவரியில் ஒரு துண்டில் நீல பீரோ வந்தது. இடது கதவில், கைப்பிடிக்குக் கீழே ஒரு நெளிசல். அந்த பீரோவை நானும் கிளெமென்ட்டும் இந்த மாடிப்படியில் தூக்கி வந்தபோது என் கை நழுவி உண்டான நெளிசல் அது.

மொத்தம் நாற்பது விநாடி. முகமில்லாத ஒரு பெண் முகமில்லாத ஓர் ஆளுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். அவர் கிண்ணத்தைத் தட்டிவிடுகிறார். அவள் அவர் கன்னத்தில் அறைகிறாள். மூன்று முறை. பிறகு தரையில் உட்கார்ந்து கஞ்சியைக் கையால் வழித்து எடுக்கிறாள்.

நான் 'ஊட்டுதல்' என்று போட்டேன். அடுத்த வாரம் வேலையை விட்டேன். இங்கே வருவதற்கு இன்னும் மூன்று வாரம் ஆனது. வெளியில் பேசினால் கேஸ் என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"இன்னாடா நாகேசு, எளைச்சிட்டே. வேலைய வுட்டுட்டியாமே?" என்று ஆன்ட்டி டீயை நீட்டினார்.

"இன்னா மச்சா தாடி? சாமியாரா போறியா?" கேமராவுக்குள்ளிருந்து கிளெமென்ட்டின் குரல் கரகரத்தது.

"கிளெமென்ட், இத கொஞ்சம் ஆஃப் பண்ண சொல்லு. ஃபோன்ல பேசலாம்."

"மம்மி டாடிய பாத்துக்கினே பேசறேன். அதுல உனக்கு இன்னா பேஜாரு?"

நான் பேசுவது இப்போதே துண்டாகி எங்கோ போய்க்கொண்டிருக்கலாம். ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த தீபிகா நாளைக்கு என்னைச் சுற்றிப் பெட்டி போடலாம். முகம் மங்கலாக இருக்கும். சட்டை தெரியும். ஆபீசுக்குப் போட்டுப்போன அதே சட்டை. இருந்தாலும் வேலையைப் பற்றியும் நெளிசலைப் பற்றியும் சொன்னேன்.

"பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான்டா கீது."

"பாஸ்வேர்டு இல்லடா. இத மாட்டுன அன்னிக்கு, வீடியோவ நாங்க எடுத்துக்கலாமான்னு ஒரு கேள்வி வந்திருக்கும். இன்னா அமுக்குனே?"

"எல்லாரும் ஓகேதான் அமுக்குவாங்க. நீ முழுசா படிச்சிட்டு அமுக்குவியா?"

பிரிஸில்லா முந்தானையை இழுத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள். "அண்ணா, நான் இங்கதான் டிரஸ் மாத்துறேன்."

"பிரிசி, இவன் சும்மா உடறான். வேல போன கடுப்பு. நெளிசல் அவன் பண்ணதுதானே, கண்ண மூடிக்கினு சொல்லுவான். டேய், அந்த வீட்ல எனக்கே தெரியாதது ஒண்ணு சொல்லு. ஒண்ணே ஒண்ணு. இப்பவே புடுங்க சொல்றேன்."

வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். அந்த நாற்பது விநாடி தவிர என்னிடம் எதுவும் இல்லை. கேமராவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்றைக்கு விட்டால் அது இன்னும் எத்தனை வருடம் எரியுமோ.

"பிப்ரவரி மாசம்," என்றேன். "மத்தியானம். அங்கிளுக்குக் கஞ்சி..."

கட்டிலில் அங்கிளின் வலது கை எழுந்தது. வேலை செய்கிற கை அது ஒன்றுதான். என்னைப் பார்த்து அதை இடமும் வலமும் ஆட்டினார். வேண்டாம்.

ஆன்ட்டி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

"மம்மி, இன்னா பண்..."

ஒயர் கையோடு வந்துவிட்டது. விளக்கு அணைந்தது. உடனே மேஜை மேல் ஃபோன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"மம்மி, இன்னாது? இன்னா கஞ்சி?" என்றாள் பிரிஸில்லா.

ஆன்ட்டி அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. "எத்தினி வாட்டி பாத்தே?" என்று என்னைக் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு வாட்டி. அது ரூல்."

"வேற யாரு?"

"எனக்கப்புறம் ஒருத்தர் செக் பண்ணுவாங்க. ஆனா நான் ஊட்டுறாங்கன்னுதான் போட்டேன் ஆன்ட்டி."

அதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"நீ யாருடா அத போட?"

டீயில் ஆடை படிந்திருந்தது.

"எழுந்துரு."

எழுந்தேன். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வாசலில் குனிந்து செருப்பு மாட்டும்போது ஆன்ட்டி என் முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. அந்தச் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. திரைச்சீலை மட்டும்தான். அந்த வீட்டுக் கதவின் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டிருப்பார்கள்.

இரண்டு படி இறங்கியிருப்பேன். யாரோ துண்டை உருவினார்கள். கதவு தரையில் உரசிக்கொண்டு வந்து மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டுக்குள் சாவி இரண்டு முறை சுற்றியது.